வாட்சனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது: ஹோம்ஸ்/வாட்சன் ஃபிக்கில் மேரியை என்ன செய்வது?

நெய்தல்

ஃபிக் (ரசிகர் புனைகதை) வரைவு பற்றிய கேள்வி இது. ஆர்தர் கோனன் டாயிலின் மூலக்கதை உலகம், விக்டோரியா கால லண்டன், ஹோம்ஸ்/வாட்சன் காதல். மொத்தம் 14 அத்தியாயம், இப்போதைக்கு 41,000 சொல். வாட்சன் மேரியைக் கட்டிக்கொண்டு பாடிங்டனில் பிராக்டிஸ் நடத்துகிறான். ஹோம்ஸ் மேல் தனக்கு இருப்பது நட்பு மட்டும் இல்லை என்பது மெல்லப் புரிகிறது. 6இல் முத்தம், 7இல் எல்லை தாண்டிவிடுகிறது, 9இல் மேரி காய்ச்சலில் இறக்கிறாள், 10இலிருந்து ஹோம்ஸும் வாட்சனும் ஹோம்ஸின் பேக்கர் தெரு வீட்டில்.

பீட்டா பார்த்த (வெளியிடும் முன் வரைவைப் படித்துக் குறிப்புச் சொன்ன) இருவருமே 9ஆம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். இருவர் குறிப்பிலும் ஒரே சொல்: "ஏமாத்து." மேரியைக் கெட்டவளாகக் காட்டவே இல்லை, ரொம்ப நல்லவளாகத்தான் எழுதியிருக்கிறது. பிறகு எங்கே இடிக்கிறது? டேக் (தளத்தில் கதைக்கு இடும் குறிச்சொல்) எப்படிப் போடுவது என்பதும் தெரியவேண்டும்.

கறுப்புக்குடை

நல்லவளாக எழுதியதுதான் இடிக்கிறது. வாய் திறக்காத நல்லவள்.

மேரி சாவது தப்பில்லை. அது டாயிலே செய்த வேலை. 1894 வசந்தத்தில் ஹோம்ஸ் திரும்பி வரும்போது வாட்சனின் துக்கத்தைப் பற்றி ஒரு வரி வரும், அவ்வளவுதான். என்ன நோய், எந்த மாதம், எதுவும் கிடையாது. ஆக, எப்போது சாகிறாள் என்பது முழுக்க உங்கள் கையில். நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம் துரோகம் நடந்து இரண்டே அத்தியாயம் கழித்து, அவளுக்கு விஷயம் தெரிவதற்கு முன்னால். ஏழாம் அத்தியாயத்தில் கதை கடன் வாங்குகிறது, ஒன்பதில் கடன்காரியைக் கொன்றுவிடுகிறது. பீட்டாக்கள் ஏமாத்து என்றது அதைத்தான்.

ஒரு சோதனை. முத்தத்துக்குப் பிறகு, மேரி விழித்திருந்து வாய் திறந்து பேசுகிற காட்சிகளை எண்ணுங்கள். அவள் பேசும் வரிகளை மட்டும் மஞ்சளில் அடித்துக்கொண்டு கோப்பை வேகமாக உருட்டிப் பாருங்கள். மஞ்சள் எங்கே தீருகிறதோ, வாசகர் அங்கேதான் எழுந்து போவார்.

நெய்தல்

எண்ணியாச்சு. இரண்டு காட்சி. ஒன்றில் தேநீர் ஊற்றுகிறாள். இன்னொன்றில் குட்நைட் சொல்கிறாள்.

வடலி

நெய்தல், குறை கதையில் இல்லை, காலக்கணக்கில்தான். வடிவாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

இந்த வகைக் கதையில் இரண்டு கடிகாரம் ஓடும். ஒன்று, "நான் யார்" என்பது. மற்றது, "நான் என்ன செய்தேன்" என்பது. முதல் கடிகாரம் மெதுவாக, முன்னும் பின்னுமாக ஓடும். இரண்டாவது ஒரு நாளில், ஒரு மணியில் அடித்துவிடும். புதிதாக எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே முள்ளில் கட்டிவிடுவார்கள்: வாட்சன் தன்னை உணர்கிற கணமும் முத்தமிடுகிற கணமும் ஒன்று. அப்படிக் கட்டினால் துரோகத்தைச் சொல்லி அழுதாலும் அது தன்னை உணர்ந்த கொண்டாட்டமாகத்தான் காதில் விழும். தன் ஈர்ப்பு இன்னது என்று ஒருவன் கண்டுகொள்வது குற்றம் இல்லை. கட்டியவளிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே போவது குற்றம். வாசகருக்கு இது தெரியும். கதைக்கும் தெரிய வேண்டும்.

எனவே பிரித்து வையுங்கள். முதல் கடிகாரத்துக்குக் குறைந்தது ஐந்து காட்சி, அதில் மூன்று முத்தத்துக்கு முன்னால், இரண்டு ரொம்பப் பின்னால். வாட்சன் தன்னைப் பற்றிய உண்மையைச் செய்கைக்கு முன்பே பாதி அறிந்திருந்தால்தான் அவனுக்கு ஒரு தேர்வு இருந்தது என்றாகும். தேர்வு இருந்தால்தான் துரோகம். இல்லாவிட்டால் அது வெறும் விபத்து.

இப்போது தேதிகள். டாயிலே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். 1891 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஹோம்ஸ் வாட்சனின் வீட்டுக்குள் வந்து ஷட்டர்களை அடைக்கிறான். மிசஸ் வாட்சன் இருக்கிறாரா என்று கேட்கிறான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறான் வாட்சன். தனியாகவா இருக்கிறாய்? ஆமாம். அப்படியானால் என்னோடு ஒரு வாரம் ஐரோப்பாவுக்கு வா. மூலக்கதையிலேயே இப்படித்தான் இருக்கிறது! யாருக்கு எழுதினார் டாயில் என்றே தெரியவில்லை.

மறுநாள் விக்டோரியா நிலையம், கான்டர்பரியில் இறங்கி நியூஹேவன் வழியாகக் கடல் தாண்டி பிரஸ்ஸல்ஸ், இரண்டு நாள். பிறகு ஸ்ட்ராஸ்பர்க், ஜெனீவா. அதன்பின் ரோன் பள்ளத்தாக்கில் நடை, லாய்க்கில் திரும்பி, இன்னும் பனி மூடிக் கிடந்த கெம்மி கணவாய், இன்டர்லாக்கன். மே 3 மைரிங்கனில் இங்லிஷர் ஹோஃப் விடுதி. மே 4, திங்கள், ரைக்கன்பாக் அருவி. மொத்தம் பத்து நாள். அந்த நடைப்பயணத்தை இனிமையான வாரம் என்றுதான் வாட்சன் எழுதுகிறான், பின்னாலேயே எதிரி மோரியார்ட்டி வருகிறான் என்று தெரிந்தும்.

முத்தத்தைப் பாடிங்டன் வீட்டிலிருந்து எடுத்து இங்கே கொண்டுவாருங்கள். கெம்மிக்கு இந்தப் பக்கம், லாய்க்கில் ஒரு சத்திரம். (ஒரே கட்டில்தான் காலி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.) அதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து மேரிக்கு உண்மையான பாசத்தோடு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கட்டும். அந்தக் கடிதம் பொய் இல்லை. அது அவள் கைக்குப் போய்ச் சேரும்போது பொய்யாகிவிட்டிருக்கும்.

அடுத்தது தான் இந்தக் கதையின் அசல் புதையல், இதை உங்கள் வரைவு தொடவே இல்லை. மே 4க்குப் பிறகு, ஹோம்ஸ் மோரியார்ட்டியோடு அருவியில் விழுந்து செத்துவிட்டான் என்று வாட்சன் நம்புகிறான். மூன்று வருடம். கள்ள உறவில் ஒருவர் செத்துப்போனால் மற்றவர் எப்படி அழுவது? ஊருக்கு அவன் நண்பனை இழந்தவன். உள்ளே அவன் தாலியறுத்தவன். அவனைத் தேற்றுவது யார்? மேரி. துக்கத்தில் இருப்பவர்கள் தன் மனைவியைத் தேடித்தான் வருவார்கள் என்று வாட்சனே ஓரிடத்தில் எழுதியிருக்கிறான். அந்தப் பெண், தன் புருஷன் யாருக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான் என்று தெரியாமல், அல்லது தெரிந்தே, அவன் தலைமாட்டில் பால் தம்ளரை வைக்கிறாள்.

இதை விட்டுவிட்டுக் காய்ச்சலில் கொல்கிறீர்களே!

கறுப்புக்குடை

வடலி சொன்ன கடைசிப் பத்திதான் கதை. நெய்தல், 14 அத்தியாயத்தில் ஆறு அந்த மூன்று வருடத்துக்குப் போகட்டும்.

ஒரு திருத்தம். பாடிங்டன் 1889 கோடை வரைக்கும் சரி. 1890 இலையுதிர் காலத்திலேயே வாட்சன் கென்சிங்டனில் இருக்கிறான். 1891ஐ எழுதினால் வீட்டை மாற்றுங்கள். பாடிங்டனிலிருந்து பேக்கர் தெருவுக்கு மெட்ரோபாலிட்டன் ரயிலில் எட்ஜ்வேர் ரோடு தாண்டினால் அடுத்த நிலையம். நினைத்தால் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பலாம். கென்சிங்டனிலிருந்து தூரம் கூடுதல், போவதற்கு மேரியிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே பொய் எவ்வளவு நீளும் என்பதை அந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது.

சட்டக்கிளி

காலகட்டத்தை எடுத்தால் சட்டத்தையும் எடுக்கவேண்டும். பல ஃபிக்குகளில் 1880களின் வாட்சன் "தூக்கில் போட்டுவிடுவார்கள்" என்று நடுங்குகிறான். தப்பு. இங்கிலாந்தில் ஆணுறவுக்காகக் கடைசியாகத் தூக்கிலிட்டது 1835இல். 1861இல் மரண தண்டனையே சட்டத்திலிருந்து போய்விட்டது. அதற்குப் பதில் ஆயுள், அல்லது குறைந்தது 10 ஆண்டுக் கடுஞ்சிறை என்று வந்தது. அதை நிரூபிப்பது கஷ்டம். வாட்சன் நிஜமாகவே பயப்படவேண்டியது 1885 சட்டத்தின் 11ஆம் பிரிவுக்கு. ஆணும் ஆணும் "கடும் அநாகரிகம்" செய்தால், பொது இடமோ தனி அறையோ, இரண்டு ஆண்டு வரை சிறை, கடுங்காவலோடும் இருக்கலாம். எது அநாகரிகம் என்று விளக்கமே இல்லை. ஆகவே மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்கு அது அட்சய பாத்திரமாக ஆனது. டாக்டருக்கு இன்னொரு அடியும் உண்டு: தண்டனை பெற்றால் 1858 மருத்துவச் சட்டப்படி பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்கலாம். ஜெயிலைவிடப் பிழைப்பு போவதை வாட்சன் அதிகம் நினைப்பான்.

யாரிடமிருந்து ஆபத்து? போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வராது. வேலைக்காரர்கள். 1895இல் ஆஸ்கார் வைல்ட் வழக்கில் ஹோட்டல் பணியாளர்கள் வந்து படுக்கை விரிப்பு வரை சாட்சி சொன்னார்கள். வீட்டில் விரிப்பை மாற்றுகிற ஆள் யார் என்பதை ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல் தந்தி. 1885 முதல் 12 சொல் வரை ஆறு பென்ஸ், முகவரியும் அந்தக் கணக்கில் சேரும். குமாஸ்தா படிப்பான். 1889இல் கிளீவ்லாந்து தெரு (ஆண் விபசார விடுதி) விவகாரம் வெடித்ததே தந்திப் பையன்கள் மூலமாகத்தான். அந்த வருடத்துக்குப் பிறகு வாட்சன் தந்தியில் ஒரு கொஞ்சல் வார்த்தை அனுப்புவதாக எழுதினால் அவன் முட்டாள் என்று அர்த்தம்.

இனி மேரி பக்கம். இதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் சட்டத்தில் இருக்கிறது. 1857 விவாகரத்துச் சட்டப்படி மனைவி துரோகம் செய்தால் கணவனுக்கு அந்த ஒரு காரணமே போதும். கணவன் துரோகம் செய்தால் மனைவிக்கு அது மட்டும் போதாது, கூடவே கொடுமையோ இரண்டு வருடம் கைவிட்டதோ வேண்டும். ஆனால் ஆணுறவு என்றால் தனியாக அதுவே போதுமான காரணம்! வாட்சன் இன்னொரு பெண்ணோடு போயிருந்தால் மேரிக்கு வழி இல்லை. ஹோம்ஸோடு போனதால் வழி இருக்கிறது. அந்த வழியில் போனால் விசாரணை முழுக்கப் பத்திரிகையில் வரும், கூடவே இரண்டு ஆண்களும் கிரிமினல் கோர்ட்டுக்குப் போக நேரிடும். 1882 சட்டத்துக்குப் பிறகு அவள் சொத்து அவளுடையது, எனவே பணத்துக்காகத் தங்கவேண்டிய கட்டாயமும் குறைவு. இத்தனை தெரிந்தும் அவள் தங்குகிறாள் என்றால், அது பேசாமடந்தைத்தனம் இல்லை, முடிவு. இரண்டு ஆண்களின் உயிர் அவள் கையில் இருக்கிறது, அவள் கையை மூடிக்கொள்கிறாள்.

தூரிகை

இத்தனை சிக்கல் எதற்கு? இன்றைய காலத்தில் நடக்கும் பிபிசி டிவி தொடர் ஷெர்லக்குக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. 2014, செல்போன், பயம் இல்லை. அங்கேயும் கல்யாணம் இருக்கிறது, மேரியும் 2017 தொடரில் போய்விடுகிறாள். ஜான் வாட்சன் இன்னொரு பெண்ணுக்கு ரகசியமாக மெசேஜ் அனுப்பியதையும் தொடரே காட்டிவிட்டது.

சட்டக்கிளி

அங்கே வேறு பொறி இருக்கிறது, தூரிகை. அந்தக் கால இங்கிலாந்துச் சட்டத்தில் விவாகரத்துக்கான கள்ள உறவு என்றால் எதிர்ப்பாலோடு மட்டும். ஜான் ஷெர்லக்கோடு போனதை மேரி அந்தத் தலைப்பில் மனுவில் எழுதவே முடியாது. "சேர்ந்து வாழ முடியாத நடத்தை" என்று வேறு தலைப்பில்தான் போகவேண்டும். கல்யாணமாகி ஒரு வருடம் முடியாமல் மனுவே போடமுடியாது. காரணம் சொல்லாத விவாகரத்து 2022 ஏப்ரல் 6இல்தான் வந்தது. ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ள 2014 மார்ச் 29 வரை காத்திருக்கவேண்டும். 2014 பிப்ரவரியில் இருவருக்கும் மோதிரம் மாட்டிவிட்ட ஃபிக்குகள் இருக்கின்றன.

நவீனக் கதையில் பயம் குறைவு என்பதால் ஜான் ஏன் மேரியிடம் முன்பே சொல்லவில்லை என்ற கேள்வி இன்னும் கூர்மையாகும். 1891இல் சட்டத்தைக் காட்டித் தப்பிக்கலாம். 2014இல் அந்தச் சாக்கு இல்லை.

அல்லித்தண்டு

யாரும் தொடாத ஒன்று. வரைவின் முதல் அத்தியாயத்தை நெய்தல் அனுப்பியிருந்தார், 8ஆம் அத்தியாயத்தில் வாட்சன் "நான் அவளை ஒருநாளும் காதலித்ததே இல்லை, இப்போதுதான் தெரிகிறது" என்று சொல்வதாகக் குறிப்பில் இருக்கிறது. அந்த வரியை வெட்டுங்கள். முதலில் அதை வெட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மூலத்தில் வாட்சன் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நிற்கிறான். அவளுக்குச் சேரவேண்டிய புதையல் கிடைத்தால் அவள் பணக்காரி, தன்னால் கேட்கமுடியாது என்று தவிக்கிறான். பெட்டி காலி என்றதும் நிம்மதியில் காதலைச் சொல்லிவிடுகிறான். மூன்று கண்டத்துப் பெண்களைப் பார்த்தவன் என்று பெருமையடித்துக்கொள்கிறவனும் இவன்தான். இவனை இருபால் ஈர்ப்பு உள்ளவனாக எழுதினால் மூலத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்தவேண்டியதில்லை. முழுக்கத் தன்பால் ஈர்ப்பு உள்ளவனாக எழுதலாம், அது வேறு கதை, அதற்கு அந்த இருட்டுக் காட்சிக்கெல்லாம் வேறு விளக்கம் தயாராக வைத்திருக்கவேண்டும். இரண்டில் ஒன்றை எடுங்கள். பாதியில் மாற்றக்கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "காதலித்ததே இல்லை" என்பது ஈர்ப்பைப் பற்றிய உண்மைபோலத் தோன்றும், செய்வது பழியைத் துடைக்கிற வேலை. காதலே இல்லாத கல்யாணம் என்றால் துரோகமும் இல்லை, பாருங்கள். அதோடு இருபால் ஈர்ப்பு என்றாலே ஏமாற்றுவார்கள் என்ற பழைய வசைக்கும் அது இடம் கொடுக்கும். இருவரையும் விரும்புகிறான், ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தான், மீறினான். மீறியது ஈர்ப்பின் குணத்தால் இல்லை, அந்தப் பத்து நாளில் அவன் எடுத்த முடிவால்.

வடலி

அல்லித்தண்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மேரிக்கும் ஒரு முன்கதை கொடுங்கோ. அவள் அப்பா கேப்டன் மோர்ஸ்டன், இந்தியப் படைப்பிரிவு, அந்தமானில் இருந்தவர். 1878 டிசம்பரில் மகளை லண்டனுக்கு வரச்சொல்லித் தந்தி அடிக்கிறார். அவள் ஹோட்டலுக்கு வந்து காத்திருக்கிறாள், ஆள் வரவே இல்லை. அவர் மறைத்துவைத்திருந்த ரகசியம் அவளுக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரியவருகிறது. ஒரு ஆணின் ரகசியம் வீட்டுப் பெண்ணை எப்படிக் காக்கவைக்கும் என்பதை வயது 17இலிருந்தே பட்டு அறிந்தவள். வாட்சன் சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பிய முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

கறுப்புக்குடை

முதல் வாரத்தில் வேண்டாம். 1893 வரை தள்ளுங்கள். ரைக்கன்பாக் நடந்து இரண்டு வருடம் கழித்து, மோரியார்ட்டியின் சகோதரன் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாகத்தானே வாட்சன் அந்தக் கடைசி வழக்கை எழுதுகிறான்? தான் அறிந்தவர்களிலேயே ஹோம்ஸ்தான் சிறந்தவன், ஞானமுள்ளவன் என்று முடிக்கிறான். புருஷன் எழுதி அச்சுக்கு அனுப்பப்போகிற தாளை மேரி படிக்கட்டும். ஊருக்கு அது அஞ்சலிக் குறிப்பு. வீட்டுக்காரிக்கு மட்டும் அது காதல் கடிதம்.

வடலி

நல்ல காட்சிதான். ஆனால் இரண்டு வருடம் எதுவும் தெரியாமல் இருந்தாள் என்றால் மேரி மறுபடியும் தேநீர் ஊற்றுகிறவளாகிவிடுவாள். 1891இலேயே தெரியட்டும், 1893இல் அந்தத் தாளை அவள் திருத்தட்டும். "இந்த வரியை எடுத்துவிடுங்கள், படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்" என்று ஒரு இடத்தை மட்டும் பென்சிலால் அடித்துக் கொடுக்கட்டும். அவள் அவனைக் காப்பாற்றுவதும் அந்தக் கோடுதான், தனக்குத் தெரியும் என்று சொல்வதும் அதே கோடுதான்.

கறுப்புக்குடை

தோற்றுவிட்டேன். பென்சில் வடலிக்கு.

குறுந்தாடி

மொழிபெயர்ப்பு ஃபிக்குகளைப் பீட்டா பார்க்கிற கண்ணோடு ஒரு விஷயம். எல்லாரும் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதுகிறீர்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு ஆயுதம் நம்மிடம் இருக்கிறது: நீ, நீங்கள்.

அந்தக் கால ஆங்கிலேய ஆண்கள் நெருங்கிய நண்பர்களாக இருந்தாலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஹோம்ஸ், வாட்சன். தமிழில் அதற்குச் சரியான இணை "நீங்கள்". வடலி மேலே "வா" என்று எழுதிவிட்டார், கதையில் அது கூடாது. வாட்சன் வீட்டில் மேரி அவனை "நீங்கள்" என்பாள், அவன் அவளை "நீ" என்பான். அதாவது அந்த வீட்டில் "நீ" என்பது மேரிக்கு உரிய சொல். அதை ஹோம்ஸுக்குக் கொடுப்பதுதான் துரோகம், முத்தம் எல்லாம் பிறகு. 

மாதிரிக்கு. வரைவில் இப்படி இருக்கிறது: "மேரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் இதயம் சுக்குநூறாக உடைந்தது." இதை எடுத்துவிட்டு, கல்யாணமான புதிதில் ஒருநாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கால்மணி முன்னால் ஹோம்ஸ் வந்து, தொப்பி மாட்டும் தாங்கியில் விருந்தாளி தொப்பி இல்லாததைப் பார்த்துத் தங்க இடம் கேட்பானே, மூலத்தில் இருக்கும் அந்த வருகையைத் திரும்ப எழுதுங்கள். கல்யாணமான புதிதில் இல்லை, பயணத்துக்குச் சில வாரம் முன்னால்:

*ஹோம்ஸ் தொப்பியைக் கழற்றி இரண்டாவது ஆணியில் மாட்டினார்.*

*"இந்நேரத்துக்கு வந்து நிற்கிறாய். சாப்பிட்டாயா?"*

*மாடிப்படியில் மெழுகுவத்தி நின்றது. இந்தக் கேள்வி இந்தக் கூடத்தில் பலமுறை கேட்டதுதான். சாப்பிட்டீர்களா என்று. மேரி இன்னும் ஒரு படி இறங்க எடுத்த காலை மேல்படிக்கே வைத்தாள். காலையில் மேரி ஜேனைக் கூப்பிட்டு மூன்று தட்டு வைக்கச் சொன்னாள்.*

இதயத்தைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். இந்த "நீ"யை அத்தியாயம் 4இல் ஒருமுறை மட்டும், வாய் தவறியதுபோல. பிறகு லாய்க் சத்திரம் வரைக்கும் "நீங்கள்" தான். அங்கே வந்து நிலைத்துவிட்டால் வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வேர்ட் கோப்பில் "நீங்க", "ங்கள்" என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். வினைமுற்றில்தான் தப்பு ஒளிந்திருக்கும்: "வாருங்கள் ஹோம்ஸ், உனக்கு என்ன வேண்டும்" மாதிரி.

சொற்களும் அப்படியே. வாட்சன் தன்னைப் பற்றித் "தன்பாலீர்ப்பாளன்" என்று நினைக்கமுடியாது. ஜெர்மனில் அந்தச் சொல் 1869இல் உருவானது, ஆங்கிலத்தில் 1890களின் தொடக்கத்தில்தான் அச்சில் தலைகாட்டியது, அதுவும் மருத்துவர், ஆய்வாளர் வட்டத்தில். தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட பாலின, பாலீர்ப்புச் சொற்பட்டியல் இன்றைய கதைக்கு நல்ல உதவி. 1891 மனதுக்குள் அதைக் கொண்டுபோனால் ஒட்டாது. பெயர் இல்லாத ஒன்றை ஒருவன் எப்படிச் சுற்றிச்சுற்றி வருவான் என்பதுதான் முதல் கடிகாரம். "அது", "இது", "அந்த மாதிரி" என்று திக்கட்டும். ஆனால் ஆசிரியர் குறிப்பில் இன்றைய சொல்லைத் தெளிவாகப் போடுங்கள். கதாபாத்திரத்துக்குத்தான் சொல் இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

தூரிகை

டேக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏஓ3 (ஃபிக்குகளை வெளியிடும் இணையத் தளம்) என்ற கணக்கில் சொல்கிறேன்.

ஃபேண்டம் (எந்தக் கதை உலகம் என்ற) கட்டத்தில் டாயில் பெயரோடு இருக்கும் ஷெர்லக் ஹோம்ஸைத் தேர்ந்தெடுக்கவும், பிபிசி ஷெர்லக் தனி. இரண்டையும் போட்டால் இரண்டு கூட்டமும் திட்டும். உறவுக் கட்டத்தில் சாய்கோடு என்றால் காதல், "&" குறி என்றால் நட்பு. ஹோம்ஸ்/வாட்சன் முதலில். மேரி/வாட்சன் இரண்டாவது, சாய்கோடுதான், ஏனென்றால் புதிய திட்டப்படி அந்தக் கல்யாணம் உண்மையான கல்யாணம். பழைய வரைவாக இருந்தால் அதைப் போடாதீர்கள் என்றிருப்பேன். அந்த ஜோடியைத் தேடி வருகிறவர்களுக்கு இரண்டு தேநீர்க் காட்சிதான் கிடைக்கும்.

கட்டாய எச்சரிக்கைகள் நான்குதான்: கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, வயதுவராதவர் பாலுறவு. கள்ள உறவு அதில் கிடையாது. எனவே அதைக் கூடுதல் டேக்கில் நீங்களாகப் போட்டால்தான் உண்டு, தள விதி கேட்காது, வாசகர் கேட்பார். இந்த ஒரு விஷயத்துக்காகவே வடிகட்டி வைத்து ஒதுக்குகிறவர்கள் நிறைய. பட்டியலில் தானாக வருகிற ஆங்கில டேக் "இன்ஃபிடெலிட்டி", அதையே எடுக்கவும். தமிழில் "துரோகம்" என்று தட்டினால் வடிகட்டியில் சிக்கும் என்ற உறுதி இல்லை. தமிழ் விளக்கத்தைக் குறிப்பில் வையுங்கள். மேரி இப்போது முக்கியப் பாத்திரம், ஆகவே மரண எச்சரிக்கையும் வேண்டும். ஃபேண்டம், உறவு, பாத்திரம், கூடுதல் எல்லாம் சேர்த்து 75 டேக்தான் எல்லை, உங்களுக்கு 15 தாண்டாது. சுருக்கம் 1,250 எழுத்துக்குள். அதில் "மேரிக்குத் தெரியும்" என்று ஒரு வரி இருக்கட்டும், அது திருப்பத்தைக் கெடுக்காது, சரியான வாசகரை அழைத்துவரும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, ஆங்கிலமாகவே விட்டுவிடாதீர்கள். பின்னூட்டத்தை அனுமதித்த பிறகே காட்டும் வசதியை முதல் வாரமாவது போட்டுவையுங்கள். துரோகக் கதைக்கு வருகிற வசையில் பாதி கதையைப் படிக்காமல் வருவது.

நெய்தல்

எல்லாருக்கும் நன்றி. புதிய எலும்புக்கூடு: 1 முதல் 5 வரை 1890–91, கென்சிங்டன், தொப்பி ராத்திரி 4இல். 6, 7 பயணம், பிரஸ்ஸல்ஸ் கடிதம், லாய்க். 8 அருவி. 9 முதல் 12 வரை மூன்று வருடம், மேரியின் பார்வையில், 11இல் பென்சில். 13இல் மேரியின் மரணம், நோய்ப்படுக்கையில் அவள் பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள். 14இல் 1894, ஹோம்ஸ் வேஷத்தைக் கலைக்கிறான், வாட்சன் மூலத்தில் உள்ளபடி மயங்கி விழுகிறான். "காதலித்ததே இல்லை" வெட்டியாச்சு. 14இல் இருவரும் சேர்கிறார்களா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

கறுப்புக்குடை

மூன்று வருடத்துக்கு ஆறு கேட்டேன், நாலு கொடுத்திருக்கிறீர்கள். போகட்டும், மேரியின் பார்வை என்பதால் மன்னிப்பு. 14இல் சேரட்டும், ஆனால் அந்த அத்தியாயத்தில் ஹோம்ஸை "நீ" என்று வாட்சன் ஒருதரம்கூடச் சொல்லக்கூடாது. சொல்ல வாயெடுத்து நிறுத்தட்டும்.

அல்லித்தண்டு

13இல் வாட்சன் டாக்டர் என்பதை மறந்துவிடாதீர்கள். மனைவிக்கு நாடி பார்ப்பது அவன்தான்.

சட்டக்கிளி

குறுந்தாடி, உங்கள் மாதிரியில் ஒரு பிழை. மேரி ஜேன் என்ற வேலைக்காரிக்கு 1888 மார்ச்சிலேயே மேரி நோட்டீஸ் கொடுத்துவிட்டாள், திருந்தவே மாட்டாள் என்று வாட்சன் ஹோம்ஸிடம் புலம்புவான். 1891இல் தட்டு வைக்க வேறு ஆள் வேண்டும்.

குறுந்தாடி

சரிதான். பெயரில்லாமல் "வேலைக்காரி" என்றே இருக்கட்டும். விரிப்பு மாற்றுகிறவளும் அவளாகவே இருக்கட்டும்.